கைவீசி நடப்பவர்

அந்தக் குடியிருப்பில் மின்தூக்கி இருந்தது. பழுதின்றி ஓடவும் செய்தது. இருந்தும் மூன்றாம் மாடிக்காரர் தம் மனைவியைப் படியேற வைத்தார்.

அதுமட்டுமா? கடைக்குப் போய்த் திரும்பும்போது பையைச் சுமப்பவரும் அந்த அம்மாள்தான். ஒரு கையில் பை, மறு கை கைப்பிடிக் கம்பியில். கணவரோ இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு பின்னால் வருவார். இறங்கும்போது நிலைமை தலைகீழ்: அவர் முன்னே போய்விடுவார், மனைவி பின்னே தனியாக இறங்கி வருவார்.

“ஏறும்போது பின்தங்கவும், இறங்கும்போது முந்திக்கவும் நல்லாத் தெரிஞ்ச மனுஷன்” என்றார் முதல் மாடியில் குடியிருந்த செயலாளர் அம்மாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர்தாம். குழாய்ச் சண்டையானாலும் குடும்பச் சண்டையானாலும் தீர்ப்பு அவருடையதே. மூன்றாம் மாடிக்காரருக்குக் ‘கைவீசி’ என்று பெயர் சூட்டியவரும் அவரே.

மனைவியும் வாய் மூடிச் சுமக்கவில்லை. அவருடைய குரல் ஒவ்வொரு மாடியிலும் கேட்கும்.

“இந்தப் பையைத் தூக்கினா உங்க கை தேஞ்சா போயிடும்?”

“முட்டி வலிக்குதும்மா.”

“பையைத் தூக்குறது கையா, முட்டியா?”

அவர் முட்டியை ஒருமுறை தடவிவிட்டுக் கையை வீசிக்கொண்டு ஏறுவார்.

அன்று மாலையும் அதே ஊர்வலம். முதல் மாடியை எட்ட நான்கைந்து படிகளே இருந்தன. கதவைத் திறந்த செயலாளர் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “குடுங்கம்மா இப்படி” என்று குனிந்து பையைப் பற்றி இழுத்தார்.

அந்த அம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. உடல் ஒரு பக்கமாகத் திரும்பியது. கம்பியைப் பிடித்திருந்த கை நழுவியது. பின்வாங்கிய கால் அந்தரத்தில் நின்றது.

ஆனால் அவர் விழவில்லை.

கீழ்ப்படியில் இருந்த கணவர் ஒரு கையால் கம்பியைப் பற்றி, மறு கையை மனைவியின் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, சுவர் போல நின்றிருந்தார். அந்தக் கை எப்போது நீண்டது என்பதைச் செயலாளர் அம்மாள் பார்க்கவே இல்லை. ஒரு பூக்கூடையை இறக்கிவைப்பது போல மனைவியை அவர் படியில் அமர்த்தினார்.

“நிமிர்ந்து உக்காரு. குனியாதே, திரும்பாதே. முதுகுல வலி இருக்கா? விலாவுல? மூச்சு நல்லா விடு.”

சோம்பேறி என்று ஊரே சொன்னவரின் குரலா அது? செயலாளர் அம்மாள் பையோடு திகைத்து நின்றார்.

நல்லவேளையாக எங்கும் வலியில்லை. அந்த அம்மாளை மெல்ல எழுப்பித் தம் வீட்டுக்குள் அழைத்துச் சென்று, நாற்காலியில் அமரவைத்துத் தண்ணீர் கொடுத்தார் செயலாளர் அம்மாள். பிறகு வாசலுக்கு வந்தவரிடம் கணவர் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

சென்ற ஆண்டு, குனிந்து வாளியைத் தூக்கியபோது மனைவிக்கு முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டதாம். எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்திருக்கிறது என்றார் மருத்துவர். காயம் ஆறியபின், படுத்தே இருந்தால் எலும்பு இன்னும் தேயும். நடக்க வேண்டும், கம்பியைப் பிடித்துப் படியேற வேண்டும், சிறு சுமை தூக்கலாம். முதுகை வளைத்துக் குனிவதும் சட்டென்று திரும்புவதும்தான் ஆகாது என்றும் சொன்னார். மனைவியின் காதில் விழுந்தது எலும்பு அடர்த்தி குறைந்துவிட்டது என்ற முதல் பாதி மட்டுமே. அச்சத்தில் கட்டிலே கதியென்று கிடந்துவிட்டார்.

“கெஞ்சிப் பார்த்தேன், எழுந்திருக்கல. ஒரு நாள் எனக்கு முட்டி வலின்னு நானும் படுத்துட்டேன். வந்த கோபத்துல எழுந்து கடைக்குக் கிளம்பிட்டா. அன்னையிலிருந்து எனக்கு முட்டி வலிதான்.”

“அப்போ ஏறும்போது பின்னால வர்றதும், இறங்கும்போது முன்னால போறதும்…”

“விழுந்தா கீழ்ப்பக்கம்தானே விழுவா. அங்க நான் இருக்கணும். கையில பை இருந்தா எதைக் கொண்டு பிடிக்கிறது?”

செயலாளர் அம்மாள் படிகளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதமும் ஊராரின் ஏச்சையும் மனைவியின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, ஒரு படி கீழேயே வாழ்ந்திருக்கிறார் இந்த மனிதர்.

“அவகிட்டச் சொல்லிடாதீங்க. அது இல்லம்மா இப்போ என் கவலை. இன்னிக்கு நடந்ததுல பயந்துபோய்ப் படுத்துட்டா, இனி எழுந்திருக்கவே மாட்டா.”

மனைவி வெளியே வந்தார். செயலாளர் அம்மாள் ஓடிப்போய் மின்தூக்கியின் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. கணவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் திறந்த கதவைப் பார்த்தார். கம்பியை இறுகப் பிடித்திருந்த கணவரின் கையைப் பார்த்தார். பையை வாங்கிக்கொள்ளும் சாக்கில் செயலாளர் அம்மாளின் காதருகே வந்தார்.

“அவருக்கு முட்டி வலியே கிடையாது. எனக்கு முதல்லயே தெரியும். ஆனா நான் திட்டாம ஏறினா, எனக்கு வலிக்குதோன்னு பயந்தே செத்துடுவார், பாவம்.”

கம்பியைப் பற்றி முதல் படியில் கால் வைத்தவர், குரலை உயர்த்தினார்.

“வர்றீங்களா, இல்லை உங்களையும் சேர்த்து நானே தூக்கிட்டுப் போகணுமா?”