இன்னும் கொஞ்சம் லூசா

“இன்னும் கொஞ்சம் லூசாக் குடும்மா எழிலு. பத்து வயசு கொறச்சிக்கோ.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் ஹேமநாதனின் குரல் ஹெட்போனில் வந்தது.

எழிலரசி தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவளுக்கு நாற்பத்திரண்டு. பத்து போனால் முப்பத்திரண்டு. அவர் கேட்டது பன்னிரண்டை.

வேலப்பன்சாவடியில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அந்த டப்பிங் தியேட்டர். திரையில் கதாநாயகி வர்ஷா. இந்தூர்ப் பெண், தமிழ் தெரியாது. படம் முழுக்க ஒன், டூ, த்ரீ என்றுதான் உதட்டை அசைத்திருந்தாள். அந்த எண்களின் மேல் தமிழைப் பொருத்துவது எழிலரசியின் வேலை. வர்ஷாவின் முதல் படத்துக்கும் இவள்தான் குரல்.

பதினோரு வருடம், பதினேழு காமெடிப் படம். பதினேழிலும் ஒரே பெண்தான். ஐஸ்கிரீமுக்கு அழுவாள், மழையில் குதிப்பாள், துரத்துகிறவனையே காதலிப்பாள்.

இன்று பஸ் ஸ்டாப் காட்சி. வேறொருவனிடம் சிரித்துப் பேசியதற்காக நாயகன் அவளை அறைகிறான். அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, “ஐ, வலிக்கவே இல்ல! இன்னொண்ணு குடு மாமா,” என்று குழைய வேண்டும். அதில் உருகிப்போய் அவன் அடுத்த ஷாட்டில் வாயைப் பிளந்தபடி கூலிங் கிளாஸைக் கழற்றுவான்.

சிரிப்பில் தியேட்டரே அதிரும் என்று ஹேமநாதன் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இதே மாதிரி ஒரு வரியைப் பழைய படமொன்றில் எழிலரசி பேசியிருக்கிறாள். பிறகு ஒருநாள் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒருவன் அதை மொபைலில் சத்தமாக வைத்துக்கொண்டு, ஒரு கல்லூரிப் பெண்ணின் பின்னாலேயே நடந்ததைப் பார்த்தாள். அந்தப் பெண் வேகமாக நடக்க நடக்க, அவன் மறுபடி மறுபடி போட்டான். அவனுடைய கூட்டாளிகள் சிரித்தார்கள்.

விரட்டியது யாருடைய குரல் என்று அந்த இடத்தில் எழிலரசிக்கு மட்டும்தான் தெரியும்.

வரியை மாற்றலாமா என்று நேற்றே கேட்டுப் பார்த்தாள். “புடிக்கலன்னா சொல்லிடும்மா. ஆவடிலேர்ந்து ஒரு பொண்ணு வாய்ஸ் அனுப்பிச்சிகீது,” என்றார் ஹேமநாதன்.



இந்த வரி வரும் இடத்தில் மட்டும் வர்ஷா கேமராவுக்கு முதுகைக் காட்டிவிட்டிருந்தாள். மூன்று டேக்கிலும் இதே சொதப்பல். தமிழும் தெரியாது, கேமராவும் தெரியாது என்று திட்டிவிட்டு, வெளிச்சம் போய்விட்டதால் அதையே வைத்துக்கொண்டார்கள்.

உதடு தெரியாத இடத்தில் எந்த வரியும் பொருந்தும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அறை விழுந்தது. வர்ஷா திரும்பினாள்.

எழிலரசி வயதைக் குறைக்கவில்லை. தன் சொந்தக் குரலில், அவசரப்படாமல் பேசினாள்.

“அட்ச்சிட்டியா? சரி, இப்ப என் முறை. கண்ணாடியக் கயட்டிடு மாமே, ஒடஞ்சிடப் போவுது.”

திரையில் நாயகன் வாயைப் பிளந்தான். மெதுவாக, மிகவும் மரியாதையாக, கூலிங் கிளாஸைக் கழற்றினான்.

 பதினோரு வருடம் இத்தோடு முடிந்தது என்றே எழிலரசி நினைத்தாள்.

முதலில் சிரித்தவர் சவுண்ட் என்ஜினியர் அப்துல் ரசாக். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஹேமநாதன் அவரை முறைத்தார்.

“திரும்பப் போடு.”

ரசாக் போட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை ஹேமநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரசாக்கு, இதையே வை. எவனாவது கேட்டா நான் எழுதனதுன்னு சொல்லிடு, இன்னா?”

“தாராளமா சொல்லிக்கங்க சார்,” என்றாள் எழிலரசி.

படி இறங்கும்போதே வர்ஷாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாப் காட்சி எடுப்பதற்கு முந்தின நாள் அழைத்தவள் வர்ஷாதான். வசனத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, உடைந்த இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் அடித்ததும் நான் என்ன சொல்கிறேன்?

எழிலரசி அர்த்தம் சொன்னாள். 

பிறகு எழிலரசியே சொன்னாள்: “நீ முதுகைக் காட்டு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.”