பிழை இல்லாத வாக்கியம்

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தம்பியின் மனைவி ஆகாயத்தில் இருந்தாள்.

மறுகணம் கீழே வந்தாள். வந்த வேகத்திலேயே இன்னும் உயரமாக மேலே போனாள். முப்பத்தெட்டு வயது, வாயெல்லாம் பல், "ஐயோ, அம்மாடி!" என்று ஒரே கூச்சல். அந்தச் சிறுவர் விளையாட்டுக்கூடத்தில், டிராம்போலின் என்ற துள்ளு விரிப்பைச் சுற்றி ஏழெட்டு வாண்டுகள் நின்று அவளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தன.

கைப்பையை மார்போடு அணைத்தபடி வெளியே நின்றவர் அவளுடைய நாத்தனார். ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளாகப் பிழை திருத்துபவர். வீட்டிலும் எவர் பேச்சையும் திருத்தாமல் விடமாட்டார் என்பதால், குடும்பத்தில் அவர் பெயர் 'திருத்த அத்தை'; சுருக்கமாக, 'திருத்தத்தை'.

அடுத்த கட்டடம்தான் பயிற்சி மையம். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் கண்ட தம்பி மகள், ஒன்பது வயது, அங்கே கையைக் காலை நீட்டி மடக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்க, யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்த இடத்தில், பெற்றவள் இப்படிப் பந்தாகத் துள்ளுகிற காட்சி! திருத்தத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போனார்.

"கீழே இறங்கும்மா!"

இறங்கத்தான் பார்த்தாள். டிராம்போலின் விட்டால்தானே! "வந்... துட்... டேன்... அண்ணி!" என்று எழுத்துக்கு ஒரு துள்ளலாக வந்து சேர்ந்தாள்.

"மையத்துல இருக்கேன், மையத்துல இருக்கேன்னு தம்பிகிட்ட சொல்வியே, இதுதான் மையமா?"

"அம்மாக்கள் உள்ள இருக்கக் கூடாதுன்னு மூணு மாசமாப் புது விதி, அண்ணி. பாப்பாவை வாசல்லயே வாங்கிக்கறாங்க. ஒரு மணி நேரம் நின்னா கால் வலிக்குது. சும்மா இங்க எட்டிப் பார்த்தேன்..."

"நின்னா வலிக்கற கால் குதிச்சா வலிக்கலையாக்கும்?"

தம்பி மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வலிக்கலையே! அதான் எனக்கும் புரியலை. ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை அவளைத் தூக்கி இறக்கறேன். இங்க வந்தா, என்னை யாரோ தூக்கிப் போட்டு விளையாடற மாதிரி இருக்கு, அண்ணி."

"அங்க குழந்தை அழுதுட்டிருக்கும்."

சிரிப்பு பட்டென்று அணைந்தது. "தப்புதான். இனிமே வரலை. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்றதா வேண்டாமான்னு குழந்தை வாயாலயே கேட்போம், வா." விதியைப் பொருட்படுத்தாமல் அவளை இழுத்துக்கொண்டு மையத்தில் பாப்பாவின் அறைக்குள்ளேயே நுழைந்தார் திருத்தத்தை.

'வாயால்' என்பது பிழை. பாப்பா பேசுவது கண்ணால். சொல் அட்டைகள் ஒட்டிய கண்ணாடிப் பலகை ஒன்றைப் பயிற்சியாளர் அவள் முகத்துக்கு நேரே பிடிப்பார். அவள் எந்தச் சொல்லைப் பார்க்கிறாளோ, அதை அவர் உரக்கப் படிப்பார்.

"கண்ணு, உங்கம்மா செய்யறதைப் பத்தி அத்தைகிட்ட சொல்லு," என்றார் திருத்தத்தை.

பாப்பாவின் கண்கள் பலகையில் ஓடின.

"அம்மா," என்று படித்தார் பயிற்சியாளர். "போ. குதி."

"கேட்டியா? 'அம்மா போகிறாள், குதிக்கிறாள்.' பாவம், விகுதி சேர்க்க அட்டை இல்லை. இருந்தும் உன் மேல குற்றப்பத்திரிகையே வாசிச்சுட்டா!"

தம்பி மனைவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். "எவ்வளவு உயரம் போனேன்னு வந்து சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாளே, அண்ணி... மனசுக்குள்ள இப்படியா வெச்சிருந்தா?" நாற்காலியை இழுத்து மகள் அருகில் போட்டு உட்கார்ந்தாள். "விதியாவது ஒண்ணாவது. இனிமே இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன், செல்லம்."

பாப்பா வீறிட்டாள். இடக்கை மேசையை ஓங்கி அறைந்தது. கண்கள் அதே மூன்று சொற்களை மறுபடியும் மறுபடியும் குத்திக் குத்திக் காட்டின.

"மேடம், நீங்க பிழை திருத்தறவங்கன்னு இவங்க சொல்லியிருக்காங்களே?" என்றார் பயிற்சியாளர். "அந்த வாக்கியத்துல என்ன பிழை?"

"எழுவாய்க்கு ஏத்த விகுதி..." என்று தொடங்கிய திருத்தத்தை, பாதியில் நின்றார். அம்மா: விளி. போ: ஏவல். குதி: அதுவும் ஏவல். சேர்க்கவோ நீக்கவோ அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"கட்டளையா இது?"

சந்தேகத்தைத் தீர்க்கப் பாப்பாவே முன்வந்தாள். கண்கள் மீண்டும் ஓடின.

"அத்தை," என்று படித்த பயிற்சியாளரின் குரல் சிரிப்பில் இடறியது. "போ. குதி."

அறையே அதிர்ந்தது. பாப்பா சிரித்த சிரிப்பில் சக்கர நாற்காலி ஆடியது. தம்பி மனைவி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. திருத்தத்தை கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா? ஏறினா ஆள் வெச்சுத்தான்டி என்னை இறக்கணும்!"

மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ போய்க் குதிம்மா. தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்," என்றவர், எதிர் அறையை அப்போதுதான் கவனித்தார். அங்கே ஒரு தாய் மகன் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த அறையிலும் ஒருத்தி.

"மத்த அம்மாக்கள் எல்லாம் உள்ளதானே இருக்காங்க? உங்க விதி இவளுக்கு மட்டுமா?"

"மையத்துல அப்படி ஒரு விதியே கிடையாது, மேடம்," என்றார் பயிற்சியாளர். "மூணு மாசத்துக்கு முன்னாடி இவங்க இதே நாற்காலியில அசதியில தூங்கி விழுந்தாங்க. அன்னைக்குப் போட்ட விதி அது. விதி போட்டவங்க என்னை வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"யாரு? மேலதிகாரியா?"

பயிற்சியாளர் பாப்பாவைப் பார்த்தார்.

பாப்பா, ஒன்றுமே அறியாதவள்போல், விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.