நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, மூன்றாம் எண் நீதிமன்றம். ஆபாச நாவல் விற்றதாகப் போட்ட வழக்கில் ஆறு ஆண்டுகளாகப் புத்தகக்கடைக்காரரின் கடை சீலில் கிடக்கிறது. இன்று நீதிபதி நாவலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். குமாஸ்தா நீட்டும் சாட்சிப் பிரதி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தானாகவே விரிகிறது. அங்கே கிழிந்த ஓரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்ற பக்கங்களை யாரும் புரட்டிய அடையாளமே இல்லை. மின்விசிறி கிறீச்சிடுகிறது. "குற்றம் சொன்ன பக்கமே இல்லையேப்பா," என்கிறார் நீதிபதி. குமாஸ்தா பிடரியைச் சொறிகிறார். "ஆபீஸ்ல நாலு பேர் கேட்டாங்கய்யா, பாத்துட்டுத் தந்துடுவாங்கன்னு..." கடைக்காரர் கூண்டிலிருந்து குனிந்து வக்கீலின் காதைக் கடிக்கிறார். "அப்ப என்னை விட்டுடுவாங்களா, சார்?" "பேசாம நில்லுங்கண்ணே." வேறொரு பிரதி தேடிக் கொண்டுவரப் போலீசுக்கு உத்தரவாகிறது. வழக்கு ஜூன் இருபதுக்குத் தள்ளிப்போகிறது. கடையின் சீல் அப்படியே இருக்கிறது.