முதல் வரிசைப் படிப்பாளி

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்துவதாக இல்லை. டாக்டர்களுக்கான வகுப்பு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள் திரையில் தெரிந்த தலைப்பை நோட்டில் இறக்கி, அடியில் கோடும் போட்டுவிட்டாள்.

தாமதமாக வந்த பெரிய டாக்டருக்கு முதல் வரிசையில் அவள் பக்கத்து நாற்காலிதான் கிடைத்தது. ஊரே அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் அழைக்கும். கிளினிக்கில் எப்போதும் கூட்டம். உள்ளே போனவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடும்.

"இங்க பாருடா ஒரு படிப்பாளி," என்று பின்வரிசையில் இருந்த தன் நண்பர் காது டாக்டரிடம் தலையைத் திருப்பி முணுமுணுத்தார். "லைசென்ஸ் புதுப்பிக்க பாயின்ட் வேணும்னா வந்தமா, தூங்கினமா, போனமான்னு இருக்கணும். தங்க மெடலா தரப்போறாங்க?"

"நீ முதல்ல ஒழுங்கா கவனி. போன தடவை தேர்வுல கோட்டை விட்டியே, ஞாபகம் இருக்கா?" என்றார் நண்பர். "இந்த மாசத்தோட உன் லைசென்ஸ் முடியுது. இன்னிக்கும் தேறலேன்னா கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான்."

"என்னை மூடச் சொல்ல இவங்க யாரு? நான் ஊசி போட ஆரம்பிச்சப்ப, இன்னிக்குப் பாடம் எடுக்கிற பொண்ணு தொட்டில்ல கிடந்திருக்கும்."

பாடம் எடுக்க வந்தவள் ஒரு சிறுநீரக மருத்துவர். மேடைக்குப் போகிற வழியில் நின்று, அந்த அம்மாளின் தோளை மெதுவாகத் தொட்டாள்.

"நான் சொன்னபடி வந்துட்டீங்களா? எதுவும் கேக்கணும்னா தயங்காம கேளுங்க."

காக்கா பிடித்து வைத்திருக்கிறாள் என்று பெரிய டாக்டர் உதட்டைச் சுழித்தார். அம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வீங்கிய பாதங்களைக் குளிர்ந்த தரையில் ஊன்றிக்கொண்டாள். டாக்டர்கள் கூடிய சபையில் இப்படியா உட்காருவது என்று அவருக்கு எரிச்சல் வந்தது. செருப்பு கண்ணில் பட்டது, பாதம் படவில்லை.

விளக்குகள் மங்கின. மூட்டு வலிக்கான மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் வருஷக்கணக்கில் சேர்த்துக் கொடுத்தால், சிலருக்குச் சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்று திரையில் படம் ஓடியது. பெரிய டாக்டர் போனில் புதுக் கார்களின் படங்களை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு நீல நிறக் கார் பிடித்துப்போனது. கொஞ்ச நேரத்தில் கண்ணும் சொக்கியது.

அம்மாளின் குரல்தான் அவரை எழுப்பியது.

"மாத்திரையை நிறுத்திட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"சீக்கிரம் கண்டுபிடிச்சா நிறைய பேருக்குச் சரியாகும்," என்றாள் மேடையில் இருந்தவள். "ஆனா ரத்தப் பரிசோதனை செஞ்சு பாத்தாத்தானே தெரியும்? பல பேர் அதே சீட்டைத் திரும்பத் திரும்ப எழுதிக் குடுத்து அனுப்பிடறாங்க."

"சந்தேகம் கேட்கலேன்னா சிலருக்குத் தலை வெடிச்சிடும்," என்றார் பெரிய டாக்டர், அம்மாளுக்குக் கேட்கும்படியே. அம்மாள் தலைநிமிராமல் பதிலை எழுதிக்கொண்டாள்.

தேர்வு வந்தது. நுழைவாயிலில் டாக்டர்கள் ஆளுக்கொரு சின்ன ரிமோட் வாங்கியிருந்தார்கள். திரையில் கேள்வி தெரியும்போது சரியான விடையின் எண்ணை அழுத்த வேண்டும். பெரிய டாக்டர் முதல் கேள்வியைப் படித்தார். மறுபடியும் படித்தார். நெற்றி வியர்த்தது. பின்னால் திரும்பினால் காது டாக்டர் தன் ரிமோட்டைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது," என்றது பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குரல்.

அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் நோட்டும் கையில் பேனாவும்தான் இருந்தன. அவர் மூன்றை அழுத்தினார்.

"ரெண்டாவது... இதுக்கும் மூணாவதுதான்." கடைசிக் கேள்வி, எந்த இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது கவனம் வேண்டும் என்பது. அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. "முதலாவது டாக்டர். தப்பா அழுத்திடாதீங்க."

திரையில் தேறியவர்களின் வரிசை ஓடியது. தன் பெயரைக் கண்டதும் பெரிய டாக்டருக்கு மூச்சு வந்தது, கூடவே பழைய மிடுக்கும் வந்தது. கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பாத்தியா?" என்றார் நண்பரிடம். "இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா? இந்தப் பாடத்தைக் கேட்டுத்தான் நான் வைத்தியம் பார்க்கணுமாக்கும்."

அம்மாள் செருப்பை மாட்டக் குனிந்து, சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள். போனால் போகிறது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"பரவாயில்லைம்மா, நல்லாத்தான் படிக்கிறீங்க. ஆனா ஒரு பாயின்ட்டுக்காக இப்படி உயிரை விடக் கூடாது. எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?"

அம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லாமல் சொன்னாள்:

"நான் டாக்டர் இல்ல சார். அந்த ரெண்டு மாத்திரையும் நீங்க எனக்கு எழுதிக் குடுத்தது."