பின்கதவருகே நின்றவன்

எங்கள் வாரப் பத்திரிகையை லண்டன்காரர்கள் கொலைப் படங்களுக்காகவே வாங்கினார்கள். படம் சீக்கிரம் வேண்டும் என்பதால், ஓவியர் வரைந்த மரக்கட்டையை நாலாகப் பிரித்து, அச்சுக்காக நாலு பேர் செதுக்குவார்கள். துண்டுகளைத் திருகாணியால் இறுக்கி ஒன்றாக்குவது என் வேலை.

லண்டனின் பெர்மாண்ட்சி பகுதியில் ஒரு விதவை தன் சமையலறையில் கொல்லப்பட்ட வாரம், துண்டுகளைச் சேர்த்து அச்செடுத்தேன். படத்தில், பின்கதவருகே தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவன் நின்றான். பாதி உடம்பு ஈனக் செதுக்கிய துண்டில், மீதி சைலஸ் செதுக்கிய துண்டில்.

"இவன் யாரு சார்?" என்று ஓவியர் டாரன்ட்டைக் கேட்டேன்.

"நான் அந்தப் பொம்பளையையும் மேசையையும்தான் வரைஞ்சேன்," என்றார்.

"கட்டையில கோடு இருந்துச்சு, செதுக்கினேன். என்னை ஏன்டா முறைக்கிற?" என்றான் ஈனக். சைலஸும் அதையேதான் சொன்னான்.

ஆசிரியர் மட்டும் குழம்பவில்லை. "ஆள் நின்னாத்தான் விக்கும். மிஷினை ஓட்டு!"

பத்திரிகை சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை, அந்தப் படத்தை வைத்து ஒரு தோல்பட்டறைத் தொழிலாளியைப் பிடித்துவிட்டார்கள். யாரும் வரையாத படத்துக்காக ஒருவன் தூக்கில் தொங்கக் கூடாதே என்று காவல் நிலையத்துக்கு ஓடினேன்.

அவன் ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தான். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும், படத்தோடு கம்பியருகே வந்தான்.

"கொன்னது நான்தான், இல்லேங்கல. ஆனா கதவெல்லாம் தாழ் போட்டிருந்தேன். இந்தப் படம் அடுப்புக்குப் பின்னால நின்னு பாத்து வரைஞ்ச மாதிரி இருக்கு. அங்க வெறும் சுவருதான்யா. நீ எங்க நின்னு பாத்தே?"