புட்டி மாறிய மாத்திரை

"என் மாத்திரையைத் திருடிட்டாங்க நர்ஸம்மா!"

கைக்குழந்தையோடு உள்ளே நுழைந்ததுமே அவள் பொரிந்து தள்ளினாள். பின்னாலேயே நாத்தனாரும் வந்தாள்.

இருவருக்கும் மீன் கம்பெனியில் வேலை. பொழுதெல்லாம் ஐஸுக்குள் கை. வீட்டுக்கு வந்தாலும் கைகால் சில்லிட்டே கிடக்கும். அப்படிப்பட்ட பெண்களுக்காக ஒரு மூலிகை மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சேர்ந்தே பெயர் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று நர்ஸம்மாவுக்கே தெரியாது.

"இப்பத்தான் புதுப் புட்டி குடுத்தீங்க. பிள்ளைக்குத் துணி மாத்திட்டு வரேன், இவங்க என் புட்டியைக் கவுத்துத் தன்னோடதுல கொட்டிக்கிட்டு இருக்காங்க. தன் மாத்திரையை என்னோடதுல போடத் தனியா எடுத்து வச்சிருக்காங்க!"

"அதுல என்னம்மா லாபம்?"

"வயித்தெரிச்சல்தான். முன்னெல்லாம் நான் தொட்டாலே இவன் வீல்னு கத்துவான். இவங்க மடியிலேயேதான் கிடந்தான். இப்பத்தான் என் கை சூடு பிடிச்சு என்கிட்ட வரான். சொந்தமா ஒண்ணு இல்லாதவங்களுக்கு அது பொறுக்கல."

பேச்சு எல்லை மீறிவிட்டது. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாத்திரையை மாத்தினா ரெண்டு பேரையும் சோதனையில இருந்து எடுத்திடணும், தெரியுமில்ல?" நர்ஸம்மா அலுத்துக்கொண்டே, புட்டி கொடுத்த அவசரத்தில் பார்க்காமல் விட்ட சூட்டைப் பார்க்க இருவர் விரலிலும் கருவியை மாட்டினாள்.

இளையவள் விரல் கதகதவென்று இருந்தது. மூத்தவளான நாத்தனாரின் விரல் பனிக்கட்டி.

நர்ஸம்மா நாத்தனாரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "போன தடவை உங்க கைதானேம்மா நல்லா சூடா இருந்துச்சு? இவங்களோடதுதான் சில்லுன்னு இருந்துச்சு. எப்படித் தலைகீழாச்சு?"

நாத்தனார் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து மாத்துறீங்க?"

"போன தடவை புட்டி வாங்கிட்டுப் போன அன்னிலேர்ந்து."

இளையவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகுதானே அவள் கை சூடு பிடித்தது! பிள்ளையும் அதற்குப் பிறகுதானே அவளிடம் வந்தான்?

"அக்கா..." என்றாள்.

"என்னை வேணா நீக்கிடுங்க நர்ஸம்மா. என் மாத்திரையை மட்டும் அவளுக்கே குடுத்திடுங்க" என்றாள் நாத்தனார். "என் கை சூடானதும் பிள்ளை என்னையே ஒட்டிக்கிட்டான். சுகமாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா பெத்தவ தள்ளி நின்னு அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. அந்த முகத்தை எத்தனை நாள் பார்க்க முடியும், சொல்லுங்க."