இரண்டிலும் ஒரே பைபிள்

“பழசை அழிச்சிடுங்க தம்பி. புதுசு மட்டும் இருந்தா போதும்” என்றார் ஜீவரத்தினம்.

சைஃப் மவுஸிலிருந்து கையை எடுத்தான். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். சில வருடங்களுக்கு முன் இந்த அடையாறு வீட்டில் பழைய பைபிள் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். அதன் பச்சை எழுத்துகளுக்குக் கீழே வசனம் வசனமாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தார் ஜீவரத்தினம்.

“உங்க நோட்ஸ் எதுவும் புதுசுக்கு வராது சார். இது வேற கம்பெனி. அழிச்சா போனதுதான்.”

“போகட்டும்.”

புது சிடி வந்து சில நாள் ஆகியிருந்தது. ஒன்றும் அவசரமில்லை, அடுத்த வாரம் வந்து போட்டுக் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தவர், இன்று காலை கடைக்கு ஃபோன் செய்து உடனே வரச் சொல்லிவிட்டார்.

வாசலில் ஏகப்பட்ட செருப்புகள் கிடந்தன. உள்ளறையில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெபக் கூட்டம் போலிருக்கிறது என்று சைஃப் நினைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு அம்மாள் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

“அப்படி இன்னா சார் அவசரம்?”

“சாயங்காலம் சர்ச்சுல கமிட்டி கூடுது. நான்தான் செக்ரட்டரி.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு பொண்ணு. காலேஜ் முடிச்ச பொண்ணு. தானா உயிரை விட்டுடுச்சு. சபைக் கல்லறையில இடம் கொடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும்.”

“அதுக்கெல்லாமா சார் கமிட்டி?”

“எங்க சபையில உண்டு. முன்னாடி ஒரு தடவை டெய்லர் மோசேயோட மகனுக்கு இப்படி ஆச்சு. இந்தப் பழசுல தேடித்தான் வசனமெல்லாம் எடுத்தேன். கமிட்டியில எழுந்து நின்னு வாசிச்சேன். இடம் இல்லைன்னு முடிவாச்சு. மோசே கொட்டற மழையில பையனைக் கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனார்.”

அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.  செத்துப்போன ஒரு பெண்ணை விரட்டுவதற்குப் பழைய சாஃப்ட்வேர் போதாமல் புதுசு கேட்கிறாரே இந்த மனுஷர் என்று சைஃபுக்குத் தோன்றியது.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். புதுசுல சீக்கிரமா தேடலாம், விளக்கவுரை நிறைய இருக்கும். மத்தபடி ரெண்டுலயும் ஒரே பைபிள்தான்.”

“பழசுல எப்படித் தேடினாலும் ஒரே பதில்தான் வருது தம்பி. விடியற வரைக்கும் தேடிட்டேன்.”

 சைஃப் பழசைத் தொடாமல் புதியதைப் போட்டு முடித்து நாற்காலியைவிட்டு எழுந்தான்.

ஜீவரத்தினம் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். கொலை என்பதற்கான ஆங்கில வார்த்தை. அப்புறம் தூக்கு. தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்ட சவுல் வந்தான், யூதாஸ் வந்தான். பழசில் பச்சையாக இருந்த அதே வசனங்கள் இதில் கலர் கலராக வந்து நின்றன. அவர் தோள்கள் தொய்ந்தன.

கொஞ்ச நேரம் கழித்து, அடக்கம் என்பதற்கான வார்த்தையைத் தட்டினார். நீளமான பட்டியல் ஒன்று வந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

அகித்தோப்பேல் என்று ஒருவன், ராஜாவுக்கு ஆலோசனை சொன்னவன். தன் பேச்சு எடுபடாமல் போனதும் சொந்த ஊருக்குத் திரும்பி, வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துவிட்டு, உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அவனை யாரும் ஒதுக்கவில்லை. அவனுடைய தகப்பனின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள்.

“இது பழசுல இருக்கா, பாருங்க” என்றார்.

சைஃப் பழசைத் திறந்து தேடினான். அதே வசனம் பச்சை எழுத்தில் வந்தது. அதன் கீழே மட்டும் குறிப்பு எதுவும் இல்லை.

“இருக்கு சார்.”

ஜீவரத்தினம் அந்த வசனத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டார். “இருந்திருக்கு. குத்தம்னுதான் தேடினேன் தம்பி. அடக்கம்னு தேடவேயில்ல.”

அதை பிரிண்ட் எடுக்கச் சொன்னார். பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டதும் உள்ளறையில் பேச்சு நின்றது.

“கமிட்டியில இதை வாசிக்கப் போறீங்களா சார்?”

“ஆமா. மோசேயும் இப்ப கமிட்டியில இருக்கார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாசிக்கணும்.”

“அவர் ஒத்துக்குவாரா?”

“நானா இருந்தா ஒத்துக்க மாட்டேன்.”

பிரிண்டரிலிருந்து காகிதத்தைக் கிழித்துக் கொடுக்கும்போது சைஃபுக்கு மனது இளகிவிட்டது. இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று இருந்தது. “நீங்க வாசிங்க சார். அந்தப் பொண்ணைப் பெத்தவங்க உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க.”

 ஜீவரத்தினம் காகிதத்தை மடிக்கப் பார்த்தார். மடிப்பு கோணலாகிக்கொண்டே போனது.

உள்ளறைக் கதவு திறந்தது. அவர் மனைவி புஷ்பம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“என்னங்க, ஆஸ்பத்திரியில நம்ம பாப்பாவைக் கொடுக்கறாங்களாம். அப்பா வந்துதான் கையெழுத்துப் போடணுமாம்.”